லைனிங்கை மாற்றும் முன் டிரம்மைப் பாருங்கள்

கேள்வி: கொல்லிமலையிலிருந்து நாமக்கல்லுக்கு மினி லாரியில் பலாவும் அன்னாசியும் ஏற்றி வருகிறேன். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம்மின் உள்பக்கம் உரசி வண்டியை நிறுத்தும் லைனிங் ஆறு மாதம்கூடத் தாங்குவதில்லை. விலை கூடின லைனிங் போட்டும் அதே கதைதான். அடிவாரம் வந்ததும் டிரம்மில் தண்ணீர் ஊற்றிச் சூட்டைத் தணிக்கிறேன். வேறு என்ன செய்யலாம்?
– வாசகர், செம்மேடு

பதில்: தம்பி, முதலில் அந்தத் தண்ணீரை நிறுத்துங்கள். சக்கரத்தோடு சுழலும் அந்த டிரம் வார்ப்பிரும்பு. கொதிக்கிற சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் உள்பக்கம் நுண்ணிய விரிசல் விழும். அந்த விரிசலின் ஓரங்கள் அரம் போல லைனிங்கை ராவிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட டிரம்முக்குள் எந்த விலை லைனிங்கும் நிற்காது. வண்டியை ஓரங்கட்டித் தானாக ஆற விடுங்கள்.

சூடு ஏறாமல் பார்ப்பது அதைவிட முக்கியம். 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக் மிதியில் காலை வைத்தபடியே இறங்கினால் டிரம் சூடேறி விரிந்து, லைனிங் ஒட்டியிருக்கும் ஷூவை விட்டு விலகும். மிதி ஆழமாகப் போகும், நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள். லைனிங் தூளைப் பிடித்து வைத்திருக்கும் பிசினும் அந்தச் சூட்டில் கெடும். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள். வளைவுக்கு முன்னால் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை எடுத்துவிடுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது.

அப்புறம் பட்டறை வேலை. டிரம்மைக் கழற்றி விரிசல், வரிப் பள்ளம், கோணல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் ஆழமாக இருந்தால் புது டிரம்தான். பள்ளம் மட்டும் என்றால் லேத்தில் கடையலாம். ஆனால் எந்த அளவு வரை கடையலாம் என்பது டிரம்மிலேயே பொறித்திருக்கும், அதைத் தாண்டக் கூடாது. கடைந்த டிரம் உள்ளளவில் பெரிதாகிவிடுவதால் புது லைனிங் நடுவில் மட்டும்தான் படும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. லைனிங்கில் சாக்பீஸ் பூசி, ஷூவை டிரம்முக்குள் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். சாக்பீஸ் நடுவில் மட்டும் அழிந்தால், டிரம்மின் வளைவுக்கு ஏற்ப லைனிங்கைத் தேய்த்துத் தர வேண்டும். இந்த ஒரு வேலைக்குக் கூடுதல் கூலி கேட்டாலும் கொடுங்கள்.

ஷூவைப் பின்னுக்கு இழுக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் காலை எடுத்த பிறகும் ஷூ உரசும். லைனிங் மாற்றும்போதே அதையும் மாற்றுங்கள். ஷூவுக்குப் பின்னால் இருக்கும் தகடான பேக் பிளேட்டில் ஷூ உட்காரும் இடங்களில் சூடு தாங்கும் கிரீஸ் துளி தடவினால் போதும். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரோ, சக்கர நடுவில் ஆயிலைத் தடுக்கும் ஹப் ஆயில் சீலோ கசிந்து லைனிங் நனைந்திருந்தால், பெட்ரோலில் கழுவி மறுபடி போடாதீர்கள். கசிவைச் சரிசெய்து, அந்த ஆக்ஸிலின் இரண்டு பக்கத்துக்கும் புதிதாகப் போடுங்கள். தூசியைக் காற்றடித்து ஊதவும் விடாதீர்கள், மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைக்கட்டும்.

பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். டாட் 3 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் இழுத்த பிறகு 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். அப்படிக் கொதித்து மலை இறக்கத்தில் மிதி பஞ்சாக அமுங்கினால் அடுத்த லோடு ஏற்றாமல் நேரே பட்டறைக்குப் போங்கள்.