கையில் தொழில் இருக்கிறது, அடுத்து என்ன?

ஐ.டி.ஐ. ஃபிட்டராகத் தொடங்கி, வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமோ முடித்து, திருவெறும்பூர் பக்கத்துப் பட்டறைகளில் முப்பது வருடம் ஓட்டியவன் நான். வேலை, படிப்பு, சம்பளம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

துவாக்குடி, வெல்டர், வயது 27: அண்ணே, ஆறு வருடமாக ஆர்க் வெல்டிங், எல்லாம் ஸ்ட்ரக்சர் (தூண், உத்திரம் மாதிரி இரும்புக் கட்டமைப்பு) வேலை. 6ஜி என்ற பைப் வெல்டிங் தேர்வை முடித்தால் சம்பளம் கூடும் என்கிறார்கள். ஒரு பயிற்சி மையத்தில் 45 நாளில் சான்றிதழ் தருவதாகச் சொல்கிறார்கள். சேரலாமா?

முதலில் 6ஜிக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்று பார்ப்போம். பைப்பை 45 டிகிரி சாய்த்து நிறுத்திவிடுவார்கள், சுழற்ற முடியாது. ஒரே சுற்றில் கீழ்நோக்கி, நேர்குத்தாக, தலைக்கு மேலே என்று கையை மாற்றிக்கொண்டே போக வேண்டும். அதனால்தான் அதில் தேறியவரை மற்ற எல்லாப் பொசிஷனுக்கும் தகுதியானவராக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் நீங்கள் ஆர்க் மட்டும்தான் பிடித்திருக்கிறீர்கள். பாய்லர் டியூபில் ரூட் (அடியில் போடும் முதல் வெல்ட்) பெரும்பாலும் டிக்தான் (ஆர்கான் வாயு வெல்டிங்), அதற்கு மேலேதான் ஆர்க். டிக் ரூட்டை 2ஜியிலும் 5ஜியிலும் (பைப் நேராக நிற்கும், படுத்திருக்கும் நிலைகள்) போட்டுப் பழகாமல் 6ஜியில் கை வைத்தால் எக்ஸ்ரே ஃபிலிமில் மாட்டிக்கொள்வீர்கள்.

அந்த 45 நாள் சான்றிதழைப் பற்றி மூன்று கேள்வி கேளுங்கள். எந்த டபிள்யூ.பி.எஸ். (எப்படி வெல்ட் செய்ய வேண்டும் என்ற எழுத்து நடைமுறை) படி தேர்வு? எக்ஸ்ரேயா, வளைத்துப் பார்க்கும் பெண்ட் டெஸ்டா? கையெழுத்து யாருடையது? ஏ.எஸ்.எம்.இ. செக்ஷன் 9 (வெல்டர் தகுதி பற்றிய அமெரிக்க விதித்தொகுப்பு) படி வேலை செய்யும் கம்பெனி, தன் வெல்டரைத் தன் பொறுப்பில்தான் தகுதிப்படுத்த வேண்டும். எந்தக் காகிதம் கொண்டுபோனாலும் புது இடத்தில் கூப்பன் (சோதனைத் துண்டு) போடச் சொல்வார்கள். காகிதம் கேட் வரைதான் வரும். இன்னொன்று, அந்த வெல்டிங் முறையில் ஆறு மாதம் வேலை செய்யாவிட்டால் அந்தத் தகுதி காலாவதி. 6ஜி பாஸ் செய்துவிட்டு மறுபடி ஸ்ட்ரக்சருக்கே போனால் போட்ட பணம் வீண். பாய்லர் வேலைக்கு ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் விதிமுறை) வெல்டர் சான்றிதழ் தனி. அது அரசுக் காகிதம், 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பெல் (பாரத் ஹெவி எலக்ட்ரிக்கல்ஸ்) நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இருக்கிறது. எங்கேயோ பணம் கட்டும் முன் அங்கே என்ன பயிற்சி நடக்கிறது என்று போய்க் கேளுங்கள். அப்புறம், தேர்வு அன்று 7018 வெல்டிங் ராடை, ஈரம் ஏறாமல் வைக்கும் ஓவனிலிருந்து எடுங்கள். நல்ல கைக்காரர்கள் திறந்து கிடந்த பாக்கெட்டில் ராடு எடுத்து, போராசிட்டி (வெல்டுக்குள் வாயுத் துளைகள்) வந்து ஃபெயில் ஆனதைப் பார்த்திருக்கிறேன்.

விருதுநகர், ஒரு தந்தை: மகன் பத்தாவது முடித்திருக்கிறான். இன்ஜினியர் ஆக ஆசை, ஆனால் ஐ.டி.ஐ. என்கிறான். வழி அடைத்துவிடாதா?

அடைக்காது ஐயா. பத்தாவதுக்குப் பிறகு 2 ஆண்டு ஐ.டி.ஐ., அங்கிருந்து நேரடியாக டிப்ளமோ இரண்டாம் ஆண்டு, அதை முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு. கூட்டினால் 7 வருடம். பிளஸ் டூ வழியாகப் போனால் 6. ஒரே ஒரு வருடம்தான் அதிகம். நடுவில் எங்கே நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் மாதிரி 2 ஆண்டுப் பிரிவாகப் பார்த்துச் சேருங்கள். வெல்டர் பிரிவு ஓராண்டுதான், அதை வைத்து இந்த வழியில் போக முடியாது.

ஓசூர், டிப்ளமோ, சி.என்.சி. ஆபரேட்டர்: இரண்டு வருடமாக பீஸை மாட்டி, பட்டன் அழுத்தி, கழற்றுகிறேன். பெரிய கம்பெனி, கேன்டீன், பஸ் எல்லாம் உண்டு. விடலாமா?

பெண் பார்க்கப் போகும்போது கம்பெனி பெயர் உதவும், மறுக்கவில்லை. ஆனால் இப்படியே பத்து வருடம் போனாலும் நீங்கள் ஆபரேட்டர்தான். செட்டிங் பக்கம் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துப் பாருங்கள். ஆஃப்செட் கொடுப்பது (டூலின் அளவுத் திருத்தத்தை மெஷினில் போடுவது), டூல் மாற்றிய பின் முதல் பீஸை அளந்து ஓகே செய்வது, இந்த இரண்டும் உங்கள் கைக்கு வர வேண்டும். ஆறு மாதத்தில் நடக்கவில்லை என்றால் கோயம்புத்தூரில் ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட் பாருங்கள். அங்கே புரோகிராம், செட்டிங், மைக்ரோமீட்டர், போர் கேஜ் எல்லாம் ஒரே ஆள் தலையில்தான் விழும். சம்பளம் முதலில் குறையலாம். ஓனர் திட்டுவார். இரண்டு வருடத்தில் தொழில் வந்துவிடும்.

சென்னை, பி.இ. மெக்கானிக்கல், படித்து முடித்து ஒரு வருடம்: 15 நாளில் என்.டி.டி. (பொருளை உடைக்காமல் குறை கண்டுபிடிக்கும் சோதனை) லெவல் 2 சான்றிதழ், கட்டணம் 40,000 ரூபாய். வேலை உறுதி என்கிறார்கள்.

எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ என்ற என்.டி.டி. தகுதி முறையில் லெவல் 2 என்பது பயிற்சியும் தேர்வும் மட்டும் இல்லை. கருவியோடு வேலை பார்த்த மணிக்கணக்கும் வேண்டும். அதுவும் அந்தச் சான்றை வழங்குவது வேலை கொடுக்கும் கம்பெனி. அங்கிருந்து விலகினால் புதுக் கம்பெனிதான் மறுபடி தகுதிப்படுத்த வேண்டும். ஒருநாள்கூட அல்ட்ராசோனிக் ப்ரோப் பிடிக்காத பையன்கள் லெவல் 2 காகிதத்தோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். ஒரு பிளேட்டைக் கொடுத்து உள்ளே குறை எங்கே இருக்கிறது என்று கேட்டால் முழித்தார்கள். அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு, திருச்சி, ராணிப்பேட்டை பக்கம் ஏதாவது ஒரு இன்ஸ்பெக்ஷன் கம்பெனியில் உதவியாளராகச் சேருங்கள். பட்டதாரி என்பதை ஒரு வருடம் மறந்துவிடுங்கள்.

தஞ்சாவூர், எலக்ட்ரீஷியன்: பதினைந்து வருடமாக வீட்டு வயரிங். ஐ.டி.ஐ. படிக்கவில்லை, காகிதம் எதுவும் இல்லை.

மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அரசு நடத்துகிறது. பக்கத்து அரசு ஐ.டி.ஐ.யில் விசாரியுங்கள். வேலை பார்த்ததற்கு அனுபவச் சான்று கேட்பார்கள், காண்ட்ராக்டர் நல்ல மனநிலையில் இருக்கும்போதே வாங்கி வையுங்கள்.

ராமநாதபுரம், பைப் ஃபிட்டர்: சவூதி வேலைக்கு ஏஜென்ட் 1,20,000 ரூபாய் கேட்கிறார்.

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் அவருடைய பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடியுங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னாலும் அப்படியே. ஒப்பந்தத்தில் எந்த வேலை என்று எழுதியிருக்கிறது என்பதை ஏறும் முன் பாருங்கள். என் சொந்தக்காரப் பையன் ஃபிட்டர் என்று நம்பிப் போனான், காகிதத்தில் ஹெல்பர் என்று இருந்தது. இரண்டு வருடமும் ஹெல்பர் சம்பளம்தான். கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கே ஒருமுறை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கோவை, ஐ.டி.ஐ. ஃபிட்டர், பெண்: மெயின்டனன்ஸுக்குப் பெண்களை எடுப்பதில்லை என்கிறார்கள். அசெம்ப்ளி லைன்தான் கிடைக்கிறது.

அது அநியாயம்தான், நாளைக்கே மாறிவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன் தங்கச்சி. இரண்டு கதவுகள் இப்போதே திறந்திருக்கின்றன. ஒன்று, குவாலிட்டி பக்கம் போய் சி.எம்.எம். மெஷின் (பாகங்களை நுணுக்கமாக அளப்பது) கற்றுக்கொள்வது. இன்னொன்று, கிண்டி தேசியத் திறன் பயிற்சி நிலையத்தில் ஓராண்டு பயிற்றுநர் பயிற்சி. அதை முடித்தால் ஐ.டி.ஐ.யில் பாடம் எடுக்கலாம்.

திருப்பூர், சாயப்பட்டறை ஃபிட்டர், வயது 46: முட்டி வலி. ஏணி ஏற முடியவில்லை. இனி என்ன செய்வது?

பாய்லர் வீட்டுப் பக்கம் ஒதுங்கலாம். சான்றிதழ் பெற்ற அட்டெண்டன்ட் இல்லாமல் பாய்லரை ஓட்டச் சட்டம் இடம் தராது. ஆனால் தேர்வு எழுத பாய்லரில் வேலை பார்த்த அனுபவத்தைக் காட்ட வேண்டும், வெக்கையும் உண்டு. உங்களுக்கு அதைவிட மெயின்டனன்ஸ் பிளானிங் பொருந்தும் என்று நினைக்கிறேன். எந்தப் பம்ப் எப்போது நின்றது, எந்த பேரிங், எத்தனை மணி நேரம் உற்பத்தி போனது என்று இன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து மேனேஜரிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள். முட்டியைக் காட்ட வேண்டாம்.