சரிவை வெட்டுவதற்கு முன் வடிகானைப் பாருங்கள்

தங்கச்சி, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் லயன் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) குடியிருப்புக்காகச் சரிவை வெட்டி மட்டமாக்கி வரைந்த முதுகலை வடிவமைப்பை மேற்பார்வையாளர் திருப்பித் தந்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அவர் பக்கம்தான். 2014 ஒக்டோபரில் பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தயில் லயன்களையே மண் மூடியதை மறக்க முடியுமா? முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தை உங்கள் சமவுயரக் கோடுகளின்மேல் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) வைத்துப் பாருங்கள். பிறகு மழைநாளில் தளத்துக்குப் போங்கள். குடையோடு, காலில் ஏறும் அட்டைப்பூச்சிக்கு உப்பும் வேண்டும். எந்த வடிகான் நிரம்பி வழிகிறது என்று கொழுந்து பறிக்கும் அக்காமாரிடம் கேளுங்கள். கணினி காட்டாததை அவர்கள் காட்டுவார்கள். வீடுகளைச் சமவுயரக் கோட்டை ஒட்டிச் சிறு படிகளாக அமையுங்கள். லயன் வாசலில் இருக்கும் மரக்கறித் தோட்டத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள். அதை அழித்துத்தான் நான் முதல் விமர்சன அமர்விலேயே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.