மறு கன்னமும் விடுதலைப் பத்திரமும்

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் இறந்து நாலு வருஷம் ஆகிறது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். எனக்கும் அண்ணனுக்கும் இருப்பது ஊரில் ஒரு வீடும் 60 சென்ட் விளையும்தான். பேராசை பிடித்த அண்ணன், என் பங்கை அவருக்கே விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் விடுதலைப் பத்திரத்தை டைப் அடித்து அனுப்பிக் கையெழுத்துக் கேட்கிறார். மறுத்ததிலிருந்து பேச்சு இல்லை. சபை அசனத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்தாலும் முகம் பார்ப்பதில்லை. எங்கள் குருவானவரோ, "மறு கன்னத்தையும் காட்டு என்றுதானே வேதம் சொல்கிறது? கையெழுத்துப் போட்டுவிட்டு சமாதானமாகப் போம்மா" என்கிறார். போருக்குப் போகிற படைக்காக ஜெபிக்கிற சபை, நான் பங்கு கேட்டால் மட்டும் ஏன் கன்னத்தைக் காட்டச் சொல்கிறது?
- திருநெல்வேலி மாவட்ட வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

போரைப் பற்றிக் கேட்டீர்கள். கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை. ஆயுதமே தொடமாட்டோம் என்று குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1660-இல் இங்கிலாந்து மன்னரிடம் எழுதியே கொடுத்தார்கள். பழங்காலத் திருச்சபை அறிஞர் அகஸ்டின் வழிவந்தவர்களோ, நியாயமான காரணம் இருந்தால், சமாதானத்தை நோக்கமாக வைத்துப் போர் செய்யலாம் என்றார்கள். இரண்டு பக்கத்திலும் பெரிய பக்திமான்கள் உண்டு. ஆனால் எந்தப் பக்கமும் "இளைத்தவர் எழுதிக் கொடுத்துவிட்டால் அதுதான் சமாதானம்" என்று சொன்னதில்லை.

உங்கள் குருவானவர், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தையும் எடுத்துக் காட்டக்கூடும். சகோதரன்மேல் வழக்குப் போடுவதைவிட அநியாயத்தைச் சகித்துக்கொள்ளக் கூடாதா என்று அங்கே அவர் கேட்கிறார், உண்மைதான். ஆனால் அதே பவுலை விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்ட பிலிப்பி பட்டணத்து அதிகாரிகள், சத்தமில்லாமல் போய்விடு என்று ஆள் அனுப்பியபோது, அவர்களே வந்து எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்று அசையாமல் உட்கார்ந்துவிட்டார். பின்னால் செசரியாவில், "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று ரோமப் பேரரசரிடம் அப்பீலும் செய்தார். மன்னிப்பது வேறு, உரிமையைக் கைகழுவுவது வேறு.

மலைப்பிரசங்கத்தில், நம் தமிழ் வேதாகமத்தில், "சமாதானம்பண்ணுகிறவர்கள்" பாக்கியவான்கள் என்றுதான் இருக்கிறது. சமாதானமாக இருக்கிறவர்கள் என்று இல்லை. சோறு பொங்குவதுபோல அதுவும் பண்ணித்தான் ஆகவேண்டிய வேலை. எப்படிப் பண்ணினார்கள் என்பதற்கு ஆப்பிரிக்காவிலுள்ள மொசாம்பிக் நாட்டின் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

போர்ச்சுக்கலிடமிருந்து 1975-இல் விடுதலை பெற்ற நாடு அது. இரண்டே வருஷத்தில் பிரெலிமோ அரசுக்கும் ரெனாமோ கிளர்ச்சிப் படைக்கும் போர் மூண்டது. 15 வருஷத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். பெய்ரா நகரத்துப் பேராயர் ஜெய்ம் கொன்சால்வெஸ், ரெனாமோ தலைவர் த்லகாமாவை அவர் ஒளிந்திருந்த காட்டுக்கே போய்ப் பார்த்தார். இருவரும் ஒரே இனம் என்பதால் பேச்சு எடுபட்டது. பிறகு 1990 ஜூலையில், ரோமில் சான்ட் எஜிடியோ என்ற கத்தோலிக்க பொதுநிலையினர் அமைப்பு, தன் பழைய கன்னியர் மடத்தில் இரண்டு தரப்பையும் உட்கார வைத்தது. அதுவரை ரெனாமோவை "ஆயுதம் ஏந்திய கொள்ளைக்காரர்கள்" என்று மட்டுமே சொல்லிவந்தது அரசு. அந்த முதல் கூட்டத்தின் அறிக்கையிலோ, நாங்கள் ஒரே மொசாம்பிக் குடும்பத்தவர் என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டன. ஒப்பந்தம் கையெழுத்தாக 1992 அக்டோபர் 4 வரை, 27 மாதம் பிடித்தது. இடையில் சண்டை நிற்கவும் இல்லை.

உங்கள் கடிதத்தில் அண்ணனைப் 'பேராசை பிடித்தவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான். ஆனாலும் முதல் பேச்சில் அந்த வார்த்தை வேண்டாம்.

மத்தேயு 18 சொல்கிற வரிசை எனக்குப் பிடிக்கும்: முதலில் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கப்புறம்தான் சபை. அண்ணன் வீட்டுக்கு நீங்களே போங்கள். கூட யாரையாவது அழைக்க வேண்டி வந்தால், உங்களுக்கு வேண்டியவரை விட அண்ணன் மதிக்கிறவராகப் பாருங்கள், தாய்மாமாவோ அப்பாவின் பழைய சிநேகிதரோ. உங்கள் குருவானவர் வேண்டாம். அவர் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

சட்டம் உங்கள் பக்கம். 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவர் உயில் இல்லாமல் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அதே சமயம் அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவையும் ஓடு மாற்றிய செலவையும் அண்ணன் பார்த்திருந்தால், அவர் சொல்வதற்கு முன் நீங்களே அந்தப் பேச்சை எடுங்கள். போர் முடிந்ததும் மொசாம்பிக் சபைகள் துப்பாக்கியைக் கொண்டுவந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. 1995 முதல் அதற்குப் பதிலாக மண்வெட்டி, தையல் மிஷின், சைக்கிள் கொடுத்தார்கள். விளையில் பாதி வேண்டும், வீட்டில் அண்ணன் இருக்கட்டும், அதற்கு ஒரு தொகை என்பதுபோல உங்களிடமும் ஏதாவது யோசனை இருக்கட்டும்.

எதை முடிவு செய்தாலும் பாகப்பிரிவினைப் பத்திரமாகப் பதிந்துவிடுங்கள். மொசாம்பிக்கிலேயே 2013-இல் மறுபடி சண்டை வெடித்து, 2019-இல் இன்னொரு ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. பேச்சு நடக்கவே இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு, சமரசப் பேச்சுக்கும் ஏற்பாடு செய்வார்கள். பவுல் இராயனிடம் போகவில்லையா?

அண்ணன் வீட்டுக்கு முதல் தடவை போகும்போது அந்த டைப் அடித்த பத்திரத்தைக் கையில் கொண்டுபோகாதீர்கள். அண்ணி காபி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள்.