கேள்வி – பதில்: பதிவு குலைந்த எக்செல் 2003

கேள்வி: எங்கள் கடைக் கணினியில் விண்டோஸ் எக்ஸ்பியும் எக்செல் 2003-உம் உள்ளன. புதிய ஆபீஸின் சோதனைப் பதிப்பை நிறுவிப் பார்த்துவிட்டு நீக்கினோம். அதன்பின் எக்செல் கோப்புகள் டபுள் கிளிக் செய்தால் திறப்பதில்லை. எக்செலை அழைத்துப் பில் தயாரிக்கும், விபி 6 (விஷுவல் பேசிக்) மொழியில் எழுதிய புரோகிராமும் 429 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடுகிறது. ஆனால் எக்செலைத் தனியாகத் திறந்தால் ஒழுங்காக வேலை செய்கிறது. மறுபடியும் நிறுவ வேண்டுமா? சிடி கைவசம் இல்லை.
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எக்செல் தனியாக இயங்குவதால் புரோகிராமுக்குச் சேதமில்லை. விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அதைப் பற்றி இருந்த பதிவுதான் குலைந்திருக்கிறது. எக்ஸ்எல்எஸ் (.xls) என முடியும் எக்செல் கோப்பை எது திறக்க வேண்டும், வேறொரு புரோகிராம் எக்செலைக் கேட்டால் எந்த ஃபோல்டரில் உள்ளதை இயக்க வேண்டும் என்ற விவரங்கள் அங்கேதான் இருக்கின்றன. புதிய பதிப்பு அவற்றைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, நீக்கப்பட்டபோது பழையபடி எழுதிவைக்காமல் போயிருக்க வேண்டும்.

தன் பதிவைத் தானே எழுதிக்கொள்ளும் வசதி எக்செலிலேயே உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழைந்து, எக்செலை மூடிவிட்டு, ஸ்டார்ட் மெனுவில் ரன் பெட்டியைத் திறந்து, ஆபீஸ் 11 என்ற ஃபோல்டரில் உள்ள எக்செல் இஎக்ஸ்இ (excel.exe) கோப்பின் முழுப் பாதையையும் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் தட்டச்சு செய்யுங்கள். மேற்கோளை மூடியபின் ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்கோடும் (/) அதை ஒட்டியே 'ரெக்சர்வர்' (regserver) என்ற சொல்லும் வர வேண்டும். பலர் இந்தச் சொல்லையும் மேற்கோளுக்குள் அடைத்துவிட்டு, கோப்பே இல்லை என்கிறது என்று எழுதுகிறார்கள். என்டர் தட்டியதும் எக்செல் பதிவுகளைப் புதுப்பித்துவிட்டுத் தானே மூடிக்கொள்ளும். திரையில் ஒன்றும் நிற்காததைக் கண்டு கலங்க வேண்டாம். பெயர் ஒத்திருக்கிறதே என்று 'ரெக்எஸ்விஆர்32' கட்டளையை இங்கே பயன்படுத்தாதீர்கள். அது புரோகிராம்களுக்கு உதவும் டிஎல்எல், ஓசிஎக்ஸ் என்ற துணைக் கோப்புகளுக்கானது.

பில் புரோகிராம் சரியாகி, டபுள் கிளிக் மட்டும் மக்கர் செய்தால், எக்செலில் டூல்ஸ் மெனுவின் ஆப்ஷன்ஸில் ஜெனரல் பகுதிக்குச் சென்று, 'இக்னோர் அதர் அப்ளிகேஷன்ஸ்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் இலவசக் கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. எக்ஸ்பிக்கும் ஆபீஸ் 2003-க்கும் மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியே முடிந்துவிட்டதால், அந்தக் கணினியை இணையத்தில் இணைக்காமல் வைத்திருப்பதே நல்லது.

இவை எதற்கும் மசியாவிட்டால் மட்டும், யாரிடமாவது அதே பதிப்பின் சிடியை வாங்கி, ஹெல்ப் மெனுவில் 'டிடெக்ட் அண்ட் ரிப்பேர்' கொடுங்கள். அப்போது உங்கள் சொந்த அமைப்புகளை நீக்கும் கட்டத்தில் டிக் செய்துவிடாதீர்கள்.