டயரைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 2024 ஜூனில் 68 லட்சம் கொடுத்து, கம்பெனி பெயரில் ஒரு சொகுசு எஸ்யுவி வாங்கினார். ஆகஸ்டிலிருந்தே காலையில் ஷெட்டைத் திறந்தால் முன்பக்க இடது மூலை இறங்கி உட்கார்ந்திருக்கிறது. 14,000 கிலோமீட்டரில் முன் டயர்கள் இரண்டும் உள்விளிம்பில் கம்பி தெரியத் தேய்ந்துவிட்டன, அதில் ஒன்று பக்கவாட்டில் வீங்கியும் விட்டது. ஒன்பது முறை சர்வீஸ் போய்வந்த பிறகும் "ரோடு அப்படி சார்" என்பதுதான் பதில். இப்போது முன் ஏர் சஸ்பென்ஷனை (வண்டியைக் காற்றுப் பைகளால் தாங்கும் அமைப்பை) முழுதாக மாற்றி, இரண்டு டயரும் இலவசமாகத் தருகிறோம் என்கிறார்கள். இவர் மறுத்துவிட்டார். புதுக் காரும், மன உளைச்சலுக்கு ஒரு கோடியும் வேண்டுமாம்.

உங்கள் ஆறு பக்கத்தையும் படித்தேன். சர்வீஸ் அட்வைசர் மரியாதை இல்லாமல் பேசியது, சம்பந்தி வீட்டு வாசலில் வண்டி இறங்கி நின்றது, எம்.டி.க்குப் போட்ட மெயிலுக்குப் பதிலே வராதது, எல்லாமே வருத்தம்தான், ஆனால் புகார் மனுவில் அவற்றுக்கு ஒரு வரிக்கு மேல் வேண்டாம். கேள்வி ஒன்றுதான்: இந்தக் குறை தொழிற்சாலையிலிருந்தே வந்ததா, ரோட்டில் வந்ததா? தொழிற்சாலையிலிருந்து வந்தது என்று காட்ட வேண்டியது நீங்கள்.

வண்டி கம்பெனி பெயரில் இருப்பதை நினைத்து பயப்பட வேண்டாம். இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய கார் வணிக நோக்கம் ஆகாது, வாங்கியவர் நுகர்வோர்தான் என்று 2024 ஜூலையில் டெய்ம்லர் கிரைஸ்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் புகார் போக வேண்டிய இடம் மாநில நுகர்வோர் ஆணையம். அவ்வளவுதான்.

பயப்பட வேண்டிய இடம் டயர். டயர் வீங்கியதை மனுவில் சேர்க்கவே வேண்டாம். பள்ளத்தில் அடிபட்டு உள்ளே இழை அறுந்தால் அப்படித்தான் வீங்கும், எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு மொத்தப் புகாரையும் ரோட்டின் தலையில் கட்டிவிடும். உள்விளிம்புத் தேய்மானம் வேறு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால், சக்கரம் நிற்கும் கோணம் தொடர்ந்து தவறாக இருந்திருக்கிறது என்பதற்கு அந்த டயர்களே சாட்சி. முதல் சர்வீஸில் அந்தக் கோணத்தை அளந்து கொடுத்த வீல் அலைன்மென்ட் பிரிண்டிலேயே அளவு விலகியிருந்தால் உங்கள் கை ஓங்கும்.

ஆனால் அந்த டயர்கள் இப்போது எங்கே? கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. என்னிடம் வரும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் புது டயர் போட்டுக்கொண்டு பழசைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 38-வது பிரிவின்படி ஆணையம் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னாலும் எதை அனுப்புவது? ஒருவர் கோபத்தில் வெளி மெக்கானிக்கை வைத்து ஏர் ஸ்பிரிங்கைக் கழற்றி மாற்றினார். வண்டியில் கைவைத்தது நீங்கள்தான், வாரண்டியும் போச்சு என்று எதிர்த்தரப்பு முடித்துக்கொண்டது. இன்னொருவர் வழக்கு நடக்கும்போதே காரை விற்றார். விற்றபின் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று வாதாடினார்கள், அது எடுபட்டது. அப்புறம் ஒவ்வொரு சர்வீஸுக்கும் போடும் அந்த ஜாப் கார்டுகள். ஒன்பதிலும் வண்டியை எடுக்கும்போது "திருப்தி" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். இனிமேல் போடும் ஒவ்வொன்றிலும் "குறை தீரவில்லை, மறுப்புடன் பெறுகிறேன்" என்று உங்கள் கையாலேயே எழுதிவிட்டுப் போடுங்கள்.

புகார் போடக் காலக்கெடு இரண்டு வருடம். மெயில் போட்டுக்கொண்டிருந்தோம், பேச்சுவார்த்தையில் இருந்தோம் என்பதற்காக அது நீளாது. 2024 ஆகஸ்டின் முதல் ஜாப் கார்டு தேதியை வைத்தே எண்ணுங்கள்.

சரி, புதுக் கார். எனக்குத் தெரிந்து கிடைக்காது. மாற்றக்கூடிய பாகத்தில் குறை என்றால் பாகத்தைத்தான் மாற்ற வேண்டும், வாரண்டி அதற்குமேல் போகாது என்று 2006-லேயே மாருதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏர் சஸ்பென்ஷன் மாற்றக்கூடிய பாகம். கொடுப்பதை மறுத்தவர் கதையும் உண்டு: 2009-ல் வாங்கிய ஒரு பிஎம்டபிள்யூ 7 சீரிஸ், போலீஸ் புகாராகப் போன வழக்கு, 2012-லேயே நிறுவனம் புதுக் கார் தருகிறேன் என்றது. வாங்கியவர் வேண்டாம், வட்டியோடு பணம் கொடு என்றார். 2024-ல் உச்ச நீதிமன்றத்தில் 50 லட்சம் நஷ்டஈட்டோடு முடிந்தது. இடையில் போன வருடங்களை யார் திருப்பித் தருவார்கள்?

அதனால் சமாதானமாகப் போங்கள், ஆனால் அவர்கள் நீட்டும் காகிதத்தில் அல்ல. சஸ்பென்ஷன் முழுவதற்கும் மாற்றிய நாளிலிருந்து இரண்டு வருட வாரண்டி, மாற்றியபின் எடுத்த அலைன்மென்ட் பிரிண்ட், கழற்றிய பாகங்களின் எண் குறித்த கடிதம், அதே குறை திரும்ப வந்தால் வழக்குப் போடும் உரிமை எனக்கு உண்டு என்ற ஒரு வரி, இவ்வளவும் எழுத்தில் கேளுங்கள். "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற வாசகம் இருந்தால் அடித்துவிட்டுக் கொடுங்கள், அவர்கள் மறுத்தால் கையெழுத்துப் போடாமல் என்னையோ வேறு வக்கீலையோ பாருங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், நாளைக் காலையிலேயே டயர் கடைக்குப் போங்கள். பழைய டயர்கள் இன்னும் அங்கே இருந்தால் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க உற்பத்தி எண் தெரிய படம் எடுத்து, பில்லோடு வீட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள்.