அம்பாசடரிலிருந்து கழற்றிய பழைய எஞ்சினை விற்றுவிடலாமா?

1974 மாடல் அம்பாசடர் மார்க் 2-க்கு வேறு எஞ்சின் பொருத்தப் போகிறீர்கள். கழற்றும் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினை விற்கலாமா என்று கேட்கிறீர்கள்.

தயவுசெய்து விற்காதீர்கள். ஆர்.சி.யில் பதிவான எஞ்சின் எண் அதில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, சேசிஸ் (அடிச்சட்டம்), பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிக்குத்தான் விண்டேஜ் (பழமையான வண்டி என்ற) பதிவு. பழைய எஞ்சினை எடைக்குப் போட்டுவிட்டால் அதை மீண்டும் பொருத்த முடியாது; பிறகு விண்டேஜ் பதிவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஸ்பார்க் பிளக் துளைகளில் சிறிது ஆயில் விட்டு, கிராங்கை (எஞ்சினின் சுழலும் தண்டை) கையால் சில சுற்று சுற்றி, துளைகளை அடைத்து, மரப்பலகை மேல் வையுங்கள். வெறும் தரையில் வைத்தால் ஈரம் ஏறித் துருப்பிடிக்கும். முன் கிரில், மீட்டர்களையும் பத்திரப்படுத்துங்கள். டயர், பேட்டரி போனால் போகட்டும்.

எஞ்சினை மாற்றும் முன்பே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிவிடுங்கள்.