சீஸும் வெங்காயமும் எந்த நிறம்?

அன்புள்ள ஐயா,

நான் 1984இல் ஆறு வயதில் லண்டனுக்கு வந்தவள். எங்கள் வீடு முழுச்சைவம். ஆனாலும் அம்மா கட்டித்தந்த பள்ளிச் சாப்பாட்டுப் பெட்டியில் சாண்ட்விச்சுக்குப் பக்கத்தில் தினமும் ஒரு கிரிஸ்ப்ஸ் (நம் உருளைக்கிழங்கு சிப்ஸ்தான்) பாக்கெட் இருக்கும். எனக்குப் பிடித்தது இறால் காக்டெயில் என்ற சுவை. அண்ணனுக்கு சீஸும் வெங்காயமும். தின்று முடித்த பாக்கெட்டை அவர் ஓவனில் வைத்துச் சுருக்கிச் சாவிக்கொத்தில் கோர்ப்பார். அப்படி ஒன்று இன்னும் அம்மாவிடம் இருக்கிறது.

போன வாரம் என் மகள் ஏதோ விருந்துச் சாப்பாட்டைத் தூளாக்கியது போன்ற ஒரு புதுச்சுவைப் பாக்கெட்டை வாங்கிவந்தாள். இதெல்லாம் வெறும் வேடிக்கை, எங்கள் காலத்துச் சுவைகள்தான் நேர்மையானவை என்று சொல்லிவிட்டு, இறால் காக்டெயில் ஒன்று வாங்கிப் பிரித்தேன். அந்தப் பழைய ருசி இல்லை. மாறியது பாக்கெட்டா, என் நாக்கா? சீஸும் வெங்காயமும் அப்போது பச்சைப் பாக்கெட்டில் வந்தது, இப்போது நீலம். எப்போது மாற்றினார்கள்? இன்னொன்றைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. முறுக்கு, சீடை என்று ஊர்ப் பலகாரங்களை நினைத்து எழுதுகிறவர்களைப் படிக்கும்போது, இறாலையே தொடாத நான் ஒரு இறால் தூளுக்காக, அதுவும் ஒரு போலிக்காக, ஏங்குகிறேனே என்று தோன்றுகிறது.

வ., லண்டன்

*

அன்புள்ள வ.,

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து உட்காரவைத்த சொல் ‘போலி’. அதிலிருந்து தொடங்குகிறேன். நிறத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம். அதில் உங்களோடு ஒரு சிறு வம்பு இருக்கிறது.

நீங்கள் லண்டனில் இறங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1981இல், வேல்ஸில் வெல்ஷ்பூல் என்ற ஊரில் மதுக்கடை நடத்திய ஃபிலிப் லூயிஸ் என்பவர் முள்ளெலிச் சுவை கிரிஸ்ப்ஸ் விற்க ஆரம்பித்தார். (முள்ளம்பன்றி அல்ல. நம் பத்திரிகைகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது வழக்கம்.) கேலிக்காகத் தொடங்கியது, வியாபாரமாகிவிட்டது. வியாபாரம் என்று வந்துவிட்டால் அதிகாரிகளும் வருவார்கள். பிரிட்டன் அரசின் நியாய வணிக அலுவலகம் ஒரே ஒரு கேள்வி கேட்டது: இதில் முள்ளெலி எங்கே? எங்கும் இல்லை. லூயிஸ் என்ன செய்தார் தெரியுமா? முள்ளெலியைச் சுட்டுத் தின்று பழகிய நாடோடி மக்களிடம் போய் அதன் ருசி எப்படி இருக்கும் என்று விசாரித்தார். அவர்கள் சொன்னபடி ஒரு சுவையூட்டியைத் தயாரிக்கவைத்தார். பாக்கெட்டில் ‘ஃபிளேவர்டு’ என்று இருந்ததை ‘ஃபிளேவர்’ என்று திருத்தினார். வால் அறுந்தது, வழக்கும் அறுந்தது.

இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. பிரிட்டனில் இன்றும் உணவு உறைகளில் இந்த வேறுபாடு பார்க்கப்படுகிறது. முதல் சொல்லைப் போட்டால் அந்தச் சுவையின் பெரும்பகுதியாவது சொன்ன பொருளிலிருந்தே வந்திருக்க வேண்டும். இரண்டாவதைப் போட்டால் அதைப் போல இருந்தால் போதும். தமிழில் இரண்டுக்குமே ‘சுவை’ என்ற ஒரே சொல்லைத்தான் கொடுத்திருப்போம், அலுவலகமும் குழம்பியிருக்கும். ஆனால் நம்மிடம் உவம உருபுகள் ஒரு மூட்டை இருக்கின்றன. ‘முள்ளெலி அன்ன கிரிஸ்ப்ஸ்’ என்று அச்சிட்டிருந்தால் எந்த அதிகாரியும் வாசற்படி ஏறியிருக்க மாட்டார்.

இப்போது உங்கள் இறாலுக்கு வருகிறேன். உருளைக்கிழங்கைச் சீவி, பொரித்து, சுழலும் உருளைக்குள் விடுகிறார்கள். அங்கேதான் மேலிருந்து தூள் தூவப்படுகிறது. கிழங்கு எல்லாச் சுவைக்கும் ஒன்றேதான். உங்களுக்கும் அண்ணனுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் ஒரு சிட்டிகைத் தூள். இறால் காக்டெயில் தூளில் முக்கியமாக இருப்பவை சர்க்கரை, தக்காளித் தூள், வெங்காயத் தூள், புளிப்புக்குச் சிட்ரிக் அமிலம். உண்மையில் அது இறாலின் மேல் ஊற்றும் இளஞ்சிவப்புச் சாஸின் நகல், இறாலின் நகல்கூட அல்ல. உங்கள் அம்மா சைவம் கெட்டுவிட்டதோ என்று கவலைப்படத் தேவையே இருந்திருக்காது.

போலி என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு முன்னால் அசல் ஒன்று இருக்க வேண்டும் இல்லையா? ஆறு வயதில் உங்களிடம் அசல் ஏது? இறாலை நீங்கள் அதற்கு முன்பும் தின்றதில்லை, பின்பும் தின்றதில்லை. அந்தப் புளிப்பும் இனிப்பும் உங்கள் நாக்குக்கு வேறு எதையும் நினைவூட்டவில்லை. ஆகவே உங்கள் வரையில் அதுதான் அசல். நாளைக்கு யாராவது உங்களை ஏமாற்றி உண்மையான இறால் காக்டெயிலை ஊட்டிவிட்டால், ‘என்ன இது, கிரிஸ்ப்ஸ் மாதிரியே இருக்கிறதே’ என்றுதான் சொல்வீர்கள். இதற்குக் கூச்சப்பட என்ன இருக்கிறது? முறுக்கை நினைத்து எழுதுகிறவர்களும் மாவையும் எண்ணெயையும் நினைத்து எழுதவில்லை. யாரோ பிழிந்து கொடுத்த கையை நினைத்து எழுதுகிறார்கள். உங்களுக்குப் பெட்டிக்குள் பாக்கெட் வைத்த கை ஒன்று இருந்தது.

அசலைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதையும் ஒருவர் செய்து பார்த்துவிட்டார். 2013இல் வாக்கர்ஸ் என்ற பெரிய பிரிட்டிஷ் கிரிஸ்ப்ஸ் நிறுவனம் புகையூட்டிய பன்றி இறைச்சிச் சுவையிலும் வறுத்த கோழிச் சுவையிலும் உண்மையாகவே இறைச்சியைச் சேர்க்கத் தொடங்கியது. அதுவரை அதைத் தின்றுவந்த சைவர்கள் கொதித்தார்கள். பன்றிச் சுவையில் பன்றி இருக்கிறது என்று புகார்! எனக்கு இதைவிடப் பிடித்த நுகர்வோர் புகார் கிடையாது.

ஆகவே ‘எங்கள் காலத்துச் சுவைகள் நேர்மையானவை’ என்பதை நான் ஒப்ப மாட்டேன். மகளிடம் தோற்றுவிடுங்கள். ஃபிராங்க் ஸ்மித் 1920இல் லண்டனில் கிரிஸ்ப்ஸ் விற்கத் தொடங்கியபோது சுவை என்ற பேச்சே இல்லை. உப்பை ஒரு நீலக் காகிதத்தில் முறுக்கி உள்ளே போட்டு, தூவிக்கொள்வது உன் பாடு என்று விட்டுவிட்டார். 1954இல் டப்ளினில் டேய்டோ என்ற நிறுவனத்தைத் தொடங்கிய ஜோ மர்ஃபிக்கு அந்த உப்பு அலுத்துப்போனது. சீஸும் வெங்காயமும் கலந்த சுவை அங்கிருந்துதான் பரவியது. பெரியவர்களிடம் அன்று கேட்டிருந்தால், கிழங்கில் எதற்கு சீஸ் வாடை, உப்பு போதாதா என்றுதான் சொல்லியிருப்பார்கள். நீங்கள் மகளிடம் சொன்னதும் அதைத்தான்.

வேடிக்கைச் சுவைகளுக்கு ஆயுள் கம்மி என்பது மட்டும் உண்மை. வாக்கர்ஸ் 2008இல் மக்களிடமே புதுச்சுவை கேட்டுப் போட்டி வைத்தது. மறு ஆண்டு ஆறு சுவைகள் கடைக்கு வந்தன. மிளகாயும் சாக்லெட்டும் ஒன்று. வெங்காய பஜ்ஜி ஒன்று. ‘கேஜன் அணில்’ என்று ஒன்று (கேஜன் என்பது அமெரிக்காவின் லூசியானாப் பக்கத்துக் காரச் சமையல்). அதில் அணில் கிடையாது, சேதுவுக்கு மண் சுமந்த குலத்துக்கு எந்தச் சேதமும் நேரவில்லை. வாக்கெடுப்பில் வென்றது கட்டடத் தொழிலாளியின் காலையுணவு, அதாவது முட்டையும் இறைச்சியும் இன்ன பிறவும் ஒரே தூளில். வென்ற அதுவே அடுத்த ஆண்டு கடையிலிருந்து போய்விட்டது. ஆனால் அந்த ஓர் ஆண்டில் ஆறு வயதாக இருந்த பிள்ளைகள் எங்கோ இருக்கிறார்கள். இன்னும் இருபது ஆண்டு கழித்து அவர்களில் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதுவார், நான் இருந்தால்.

பாக்கெட்டா நாக்கா என்ற கேள்விக்கு விடை, இரண்டும்தான். வாக்கர்ஸ் 2006இல் பொரிக்கும் எண்ணெயை மாற்றி நிறைகொழுப்பை வெகுவாகக் குறைத்தது. அந்தப் பத்தாண்டில் பல நிறுவனங்கள் உப்பையும் குறைத்தன. அது உடம்புக்கு நல்லதுதான், ஆனால் நினைவில் இருக்கும் ருசி அதே உப்பையும் அதே கொழுப்பையும் கேட்கும். நாக்கின் பங்கைப் பற்றி நான் நிறையச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி மூக்கில் இருக்கிறது, கொஞ்சம் காதிலும் இருக்கிறது. சார்ல்ஸ் ஸ்பென்ஸ் என்ற ஆக்ஸ்ஃபோர்டு உளவியலாளரும் அவருடைய சகாவும் கிரிஸ்ப்ஸ் கடிக்கிறவர்களின் காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கடிக்கும் சத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். சத்தம் கூடினால் புதிதாகவும் மொறுமொறுப்பாகவும் இருக்கிறது என்றார்கள் தின்றவர்கள். கிழங்கு மாறவே இல்லை. சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2008இல் இதற்குக் கிடைத்தது. உங்கள் பழைய பாக்கெட்டை நீங்கள் பிரித்த இடம் நூறு பிள்ளைகள் கத்தும் பள்ளி உணவுக்கூடம். இப்போது பிரித்தது அமைதியான உங்கள் சமையலறை. காதுக்கு அது ஒரே பண்டம் அல்ல.

மூக்கைப் பற்றி ஒரு செய்தி. ஸ்வீடனில் 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில் முதியவர்களுக்குச் சொற்களையும் படங்களையும் வாசனைகளையும் கொடுத்து, என்ன நினைவு வருகிறது என்று கேட்டார்கள். சொல்லும் படமும் பதின்வயதுகளைக் கிளறின. வாசனை பெரும்பாலும் பத்து வயதுக்கு முந்தியதைத் தோண்டிக் கொண்டுவந்தது.

இதை நான் என் மீதே சரிபார்த்திருக்கிறேன், எதிர்ப்பக்கமாக. நான் இருபத்தேழு வயதில் லண்டனுக்குப் போய், ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்தவன். விடியற்காலை நான்கு மணிக்குக் கிரிஸ்ப்ஸ் பெட்டிகளைப் பிரித்து அலமாரியில் அடுக்குவது என் பொறுப்பு. உடைந்தது, நசுங்கியது என்று எல்லாச் சுவையும் தின்றாயிற்று. இறால் காக்டெயிலும்தான். இன்று அதைப் பிரித்து மோந்து பார்த்தால் எனக்கு எதுவும் எழுவதில்லை. இளஞ்சிவப்பாக ஒரு தூள், புளிப்பு, கொஞ்சம் இனிப்பு, விரலைத் துடைக்க ஒரு காகிதம் வேண்டும் என்ற நினைப்பு. உங்கள் கடிதத்தைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

இனி நிறம். நீங்கள் சொல்வதை உங்களைப் போலப் பலர் சத்தியம் செய்து சொல்கிறார்கள்: வாக்கர்ஸ் சீஸ்-வெங்காயம் முன்பு பச்சை, உப்பு-வினிகர் சுவை நீலம், இடையில் மாற்றிவிட்டார்கள் என்று. நிறுவனம், நாங்கள் ஒருபோதும் மாற்றவில்லை என்கிறது. நான் நிறுவனத்தின் பக்கம். ஆனால் நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்றும் நினைக்கவில்லை. கோல்டன் வண்டர் போன்ற மற்ற நிறுவனங்கள் சீஸ்-வெங்காயத்துக்குப் பச்சையையும் வினிகருக்கு நீலத்தையும்தான் வைத்திருந்தன. வாக்கர்ஸ் லெஸ்டர் நகரத்து இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் போருக்குப் பிந்தைய இறைச்சிப் பங்கீட்டுக் காலத்தில் தொடங்கியது. 1989இல் பெப்சிகோ வாங்கிய பிறகுதான் நாடெங்கும் பெரிதாகப் பரவியது. 1984இல் லண்டனில் உங்கள் அண்ணன் கையில் இருந்த பச்சைப் பாக்கெட் பெரும்பாலும் வேறொருவருடையது. பிற்பாடு கடையெல்லாம் நீலமாக நிறைந்தபோது, நினைவு பழைய பச்சையைப் புதிய பெயரோடு ஒட்டிவைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இதை நிரூபிக்க நான் ஆய்வு எதையும் தேட வேண்டியதில்லை, சான்று உங்கள் அம்மாவின் சாவிக்கொத்தில் தொங்குகிறது. அடுத்த முறை போகும்போது வாங்கிப் பாருங்கள். அது அண்ணனின் சீஸ்-வெங்காயமாக இருந்து, நிறமும் பச்சையாக இருந்தால், நிறுவனத்தின் பெயரையும் படித்து எழுதுங்கள். எழுத்து கடுகளவுக்குச் சுருங்கியிருக்கும், ஒரு பூதக்கண்ணாடி எடுத்துப் போவது நல்லது.